திரும்பி வரும் சிப்பாய்க்கு எந்த வரிசை?

அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியில் பயிற்சிக்குப் போன முதல் அணியினருக்கு 2026 இறுதியோடு நான்கு ஆண்டுகள் முடிகின்றன. அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரை படையில் நீடிக்கலாம். மீதி 75 பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு ஊர் திரும்ப வேண்டும். அந்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி அவர்களுடைய சம்பளத்திலிருந்தே மாதாமாதம் பிடிக்கப்பட்டது என்பதை அரசு விளம்பரங்கள் சின்ன எழுத்தில்தான் சொல்லும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லை, கேன்டீன் அட்டை இல்லை.

இவை ஓரளவு பேசப்பட்டவை. பேசப்படாதது வேறொன்று. நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரருக்கு ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியே கிடையாது என்று படைச் சேர்ப்பு அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். துப்பாக்கி தூக்கியிருப்பார், எல்லையில் நின்றிருப்பார், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் முன்னாள் படைவீரர் அல்லர். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் சி பிரிவுப் பணியிடங்களில் முன்னாள் படைவீரருக்கென்று 5 சதவீதம் இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவீதம் உண்டு. தகுதியை வரையறுப்பது ஒன்றிய அரசின் அந்த ஒரு சொல் என்றால், நாளை காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்து மனுநாளில் வந்து நிற்கும் 23 வயது முன்னாள் சிப்பாயை எந்த வரிசையில் நிற்கச் சொல்வார்கள்?

இதைச் சாதி ஒழிப்புத் தளத்தில் எழுத வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்டார். ‘ராணுவம், சிப்பாய், தேசம் எல்லாம் அவங்க சரக்கு, நமக்கு எதுக்கு?’ என்பது அவர் கேள்வி. நம்மில் பலருக்கு இந்தத் தயக்கம் இருக்கிறது. சிப்பாயின் படத்தை யார் மேடையில் மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, சிப்பாயையும் அவர்களிடமே விட்டுவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அரசின் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதுதான் நம் இயக்கத்தின் பழைய கேள்வி. அந்தக் கேள்வியில் சிப்பாயும் குமாஸ்தாவும் முதலிலிருந்தே ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

காஞ்சிபுரத்துக்காரன் என்பதால் 1925 நவம்பரை விட்டுவிட முடியாது. தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. அரசு வேலையிலும் சட்டமன்றத்திலும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். தலைமை வகித்த திரு.வி.க. அதை அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியே வந்தார், திரும்பிப் போகவில்லை. நூற்றாண்டு என்று இதை நிறையப் பேசிவிட்டோம். அதன்பின் 1927 இல் வந்த வகுப்புவாரி அரசாணையின் கணக்கை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பன்னிரண்டு இடங்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் வெற்றியின் கடைசி வரியில் யார் இருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியில் இருந்தவர்கள் 1925 வரை வாய்மூடிக் கிடக்கவில்லை. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893 இல் பிரிட்டிஷ் மக்களவை அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் நிறைவேற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் பறையர் மகாஜன சபை கூடி அதை எதிர்த்தது. 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு லண்டனுக்குப் போனது. தேர்வு இங்கே நடந்தால் ஏற்கெனவே பள்ளியும் புத்தகமும் கையில் வைத்திருக்கும் ஒரு சாதியே எல்லா நாற்காலிகளிலும் உட்காரும், நாங்கள் அவர்களின் கீழ்தான் வாழ வேண்டும் என்பது அவர்கள் அச்சம். தேசிய வரலாறு இதை வெள்ளையனுக்கு வால் பிடித்த கதையாக எழுதி முடித்துவிட்டது. நீட் தேர்வைப் பற்றி யோசித்த தலைமுறைக்கு அந்த மனு இன்னும் நன்றாகவே புரியும். தேர்வு எல்லோருக்கும் பொது. தேர்வுக்கு முந்தைய பத்து ஆண்டுகள் பொதுவானவை அல்ல.

நாற்காலிக் கதவு இப்படி இருந்தபோது, தேர்வும் புத்தகமும் கேட்காத ஒரு கதவு மட்டும் நெடுங்காலம் திறந்திருந்தது. அது படை. கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், அம்பேத்கர் பிறந்ததே மாவ் படை முகாமில். படைக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்த கட்டாயக் கல்விதான் தீண்டப்படாதோரிடம் முதல் எழுத்தறிவைக் கொண்டுவந்தது என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ஊரில் பள்ளித் திண்ணையைத் தொட முடியாதவனின் பிள்ளை படைமுகாமில் பலகையில் எழுதினான்.

பிறகு அந்தக் கதவையும் சாத்தினார்கள். 1880களில் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்து, பின்னர் இந்தியாவுக்கே தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டு ஆட்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று கருதினார். ‘வீர இனம்’ என்றொரு கோட்பாடு உருவானது. இனவாதமும் சாதியும் கைகோத்துக் கட்டிய கோட்பாடு அது. 1892 இல் மகர்களைச் சேர்ப்பது நின்றது. தங்களை மீண்டும் சேர்க்கச் சொல்லி கோபால் பாபா வலங்கரும் பின்னால் சிவராம் ஜான்பா காம்ப்ளேயும் மனு எழுதினார்கள். இருவரில் வலங்கர் தாமே படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பதில் இல்லை. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டது, 1917 இல் மகர் பட்டாலியன் வந்தது. போர் முடிந்தது, 1921 இல் கலைத்துவிட்டார்கள். அடுத்த போர் வந்தது, 1941 இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. தெற்கிலும் இதே கதை. சேப்பர்ஸ் போன்ற ஒன்றிரண்டு பிரிவுகள் நீங்கலாகத் தமிழர் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, 1928 இல் மதராஸ் காலாட்படையே கலைந்தது. இரண்டாம் உலகப் போர் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. சண்டை வந்தால் சாதி மறக்கும், சண்டை முடிந்தால் நினைவு திரும்பும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கிய இடம். மறு ஆண்டும் அங்கே சண்டை நடந்தது. கம்பெனிப் படையில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் சிப்பாய்கள். இன்று வயல்களுக்கு நடுவே நிற்கும் இரண்டு நினைவுத்தூண்களும் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருவருக்கானவை. பீமா கோரேகானில் மகர் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருந்ததால்தான் 1927 சனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நிற்க முடிந்தது. நமக்குப் போய் நிற்க ஒரு பெயர்கூட இல்லை. கம்பெனிக்காகச் செத்ததில் என்ன பெருமை என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. பெருமைக்காகச் சொல்லவில்லை. உழைத்தவன் கணக்கில் வராமல் போவது எப்படி நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

விடுதலைக்குப் பிறகு என்ன மாறியது? நிறைய மாறியது. எங்கள் பக்கத்துச் சேரிகளில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றொரு வீடு இருந்தால் அது பெரும்பாலும் அந்தத் தெருவின் முதல் ஓட்டு வீடு, அல்லது முதல் பட்டதாரியின் வீடு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். அவ்வளவு குடும்பங்கள் படையை நம்பி வாழ்கின்றன. நெசவுக் கூலி கட்டுப்படியாகாமல் தறியைப் பிரித்துவிட்டு ஒரகடத்துக் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகும் இந்த மாவட்டத்தில், விடியற்காலை பாலாற்று மணலில் ஓடிப் பழகும் பையன்களுக்கு இரண்டே கனவுகள்தான்: காக்கி, பச்சை. 2025 இல் 3,935 இடங்களுக்கு நடந்த குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 13.89 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். மணலில் ஓடுகிறவன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் ஓடுகிறான்.

மாறாததும் உண்டு. 2016 சூனில் காஷ்மீரின் பாம்போரில் கொல்லப்பட்ட ஒரு சி.ஆர்.பி.எஃப். வீரரின் உடலை, அவர் தாழ்த்தப்பட்ட நட் சாதியைச் சேர்ந்தவர் என்பதால், உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்தில் பொது நிலத்தில் எரிக்க ஊர் ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதிகாரிகள் பேசிப் பேசித்தான் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் தலித் ராணுவ வீரர் ஒருவர் தன் திருமண ஊர்வலத்தில் குதிரையேறிப் போனதற்குக் கல்லெறி வாங்கினார். வடக்கே அப்படித்தான் என்று நாம் நிம்மதியடைய வேண்டியதில்லை. அதே 2020 இல், சுதந்திர நாளன்று, நம் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரின் ஆத்துப்பாக்கத்தில் தலித் ஊராட்சித் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. கொடிக்காக உயிர் கொடு, கொடிக்கயிற்றைத் தொடாதே.

என் மாமா பதினேழு ஆண்டுகள் படையில் இருந்தவர். யூனிட்டில் அவரை ‘ஹவில்தார் சாப்’ என்பார்கள். ஊர்த் தெரு டீக்கடையில் அவரைவிடப் பத்து வயது சின்னவன் அவர் அப்பா பெயரைச் சொல்லி ‘இன்னாரு மவன்தானே நீ?’ என்பான். இது அவருக்குப் பழகிவிட்டது. பழகாமல் போனது வேறு. ஓய்வு பெற்று வந்ததும் ஓர் அரசு அலுவலகத்தில் சி பிரிவுப் பணியிடத்துக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வு முடிந்து பல மாதங்கள் கழித்து விசாரிக்கப் போனபோது மேசைக்காரர் சொன்ன பதில், ‘உங்க கோட்டாவுல ஆள் கிடைக்கலேன்னு பொதுவுல சேர்த்துட்டோம் சார். உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே, சின்னப் பசங்களுக்கு விட்டுக்குடுங்களேன்.’ முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்தே ஆள் கிடைக்கவில்லை என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. மாமா இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர். மாநில அரசே 1986 இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் படைவீரர்களுக்கு வாங்கித் தருவதும் பெரும்பாலும் காவலாளி வேலைதான். பாலம் கட்டியவர், வயர்லெஸ் இயக்கியவர், கிடங்குக் கணக்கு எழுதியவர் எல்லோரும் கேட்டருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

இது ஒரு மாமாவின் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒன்றிய அரசின் சி பிரிவில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதமும் டி பிரிவில் 20 சதவீதமும் ஒதுக்கீடு பல பத்தாண்டுகளாக விதியில் இருக்கிறது. மறுவாழ்வுத் தலைமை இயக்ககத்தின் 2021 சூன் 30 கணக்கைப் பாருங்கள். 77 துறைகளில் 34 மட்டுமே விவரம் கொடுத்தன. அந்த 34 துறைகளின் சி பிரிவில் 10,84,705 ஊழியர்கள். அவர்களில் முன்னாள் படைவீரர்கள் 13,976 பேர். பத்து சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 1.29. டி பிரிவில் 3,25,265 பேரில் 8,642 பேர், அதாவது 20 இருக்க வேண்டிய இடத்தில் 2.66. விவரமே தராத 43 துறைகளின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தேசபக்தியை மூச்சுக்கு மூச்சு சொல்கிற ஆட்சியின் ஏழாம் ஆண்டுக் கணக்கு இது.

கேட்டால் சொல்லும் காரணம்: தகுதியானவர்கள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. இந்த வாக்கியம் நமக்குப் புதிதா என்ன? பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கும்போதெல்லாம் ‘பொருத்தமானவர் இல்லை’ என்று கோப்பில் எழுதுகிற அதே பேனாதான் இங்கேயும் எழுதுகிறது. இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்வதில்லை. விதி புத்தகத்தில் பத்திரமாக இருக்கும். ஆளை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி இடங்கள் நிரம்பாவிட்டால் அவற்றைப் பின்னடைவு இடங்களாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், 50 சதவீத உச்சவரம்பு அதற்குத் தடையாகாது என்று 2000 ஆம் ஆண்டின் 81 ஆவது திருத்தம் அரசமைப்பிலேயே எழுதியது. போராடிப் பெற்றது அது. முன்னாள் படைவீரர் இடத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. துணை ராணுவக் காவலர் தேர்வு அறிவிக்கையைப் படித்தால் தெரியும்: முன்னாள் படைவீரர் கிடைக்காவிட்டால் அந்த இடம் அதே சாதிப் பிரிவின் மற்றவர்களுக்குப் போகும், அத்துடன் கணக்கு முடிந்தது. நிரப்பாமல் இருந்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நம் தோழர்கள் சிலருக்கு ஒரு குழப்பம் உண்டு. முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு சமூகநீதி ஒதுக்கீட்டைத் தின்னாதா என்று கேட்கிறார்கள். காஞ்சிபுரத்துக்காரனாக இதைத் தறியை வைத்தே சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. சாதிவழி ஒதுக்கீடு பாவு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கானது ஊடை. சட்டம் இதைச் செங்குத்து, கிடைமட்டம் என்கிறது, 1992 மண்டல் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. ஊடை பாவின் ஒவ்வோர் இழைக்குள்ளும் புகுந்து வர வேண்டும். அதாவது முன்னாள் படைவீரராக ஒரு பட்டியல் சாதிக்காரர் தேர்வானால் அவர் பட்டியல் சாதிக் கணக்கில், ஒரு பிற்படுத்தப்பட்டவர் தேர்வானால் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில். யாருடைய சதவீதமும் குறையாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 200 இடச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பிரிவுக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 40, பட்டியல் சாதியினருக்கு 36, பழங்குடியினருக்கு 2. இவற்றில் ஐந்து சதவீதம் பத்து இடங்கள். பிரிவுக்குள் பிரித்தால் பொதுப்பிரிவில் மூன்று, பட்டியல் சாதியில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. பழங்குடியில்? இரண்டில் ஐந்து சதவீதம் 0.1. அதாவது ஒரே பதவியில் 2,000 இடம் அறிவித்தால்தான் பழங்குடி முன்னாள் படைவீரருக்கு ஓர் இடம் பிறக்கும். நம் மாவட்டத்து இருளர் பையன் ஒருவன் படைக்குப் போய்த் திரும்பி வந்தால், அவன் வாழ்நாளில் அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பது கடினம். பின்னங்களை ஆண்டுக்கு ஆண்டு சேர்த்து வைத்தாலொழிய ஊடை அந்த இழையைத் தொடாமலே போகும்.

சரி, படைக்குள் நுழைவதாவது எல்லோருக்கும் சமமா? ராணுவச் சேர்ப்பில் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கீடு கிடையாது. அங்கே தகுதி மட்டுமே என்பார்கள். அதே ராணுவத்தில் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டுமே எடுக்கும் வழக்கம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. மூன்று சாதிக்கு நூறு சதவீதம் என்றால் அது மரபு, பதினெட்டு சதவீதம் என்றால் அது தகுதிக் குறைவு. கோயில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. இங்கே கருவறை வேலை எத்தனையோ தலைமுறையாக ஒரே குடும்ப வரிசையில் போகும், அதை யாரும் கோட்டா என்று சொன்னதில்லை. 2006 இல் சட்டம் போட்டு, பயிற்சி கொடுத்து, 2021 ஆகஸ்ட் 14 அன்று மாநிலத்தில் 24 பேருக்கு அனைத்துச் சாதி அர்ச்சகர் பணி ஆணை கொடுத்தபோதுதான் திடீரென்று எல்லோருக்கும் ஆகமம் ஞாபகம் வந்தது.

அக்னிபத் இந்த ஏணியில் செய்தது என்ன? முதலில், ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தவர்களை உதறியது. 2020-21 சேர்ப்பு முகாம்களில் ஓட்டமும் உடற்தகுதியும் மருத்துவப் பரிசோதனையும் தேறி, எழுத்துத் தேர்வுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் தேர்ச்சியை, திட்டம் வந்ததும் செல்லாததாக்கினார்கள். 2022 சூன் 18 அன்று சென்னைப் போர் நினைவுச்சின்னத்தருகே வந்து நின்ற பையன்கள் அவர்கள்தான். அதற்குள் சிலர் வயது வரம்பைத் தாண்டியிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஏப்ரல் 10 அன்று தள்ளுபடியானது: தேர்வானதால் மட்டும் நியமனம் கேட்கும் உரிமை வந்துவிடாது என்பது சட்டநிலை. சட்டம் அப்படி இருக்கலாம். ஒரு தலைமுறையைப் பாதி வழியில் நிறுத்தி வைத்துவிட்டு ஆட்டத்தின் விதியை மாற்றுவது நியாயமான ஆள்சேர்ப்பு ஆகாது.

இரண்டாவது, பதினைந்து இருபது ஆண்டு உறுதியான சம்பளமும் ஓய்வூதியமும்தான் ஒரு சேரிக்குடும்பத்தை ஊர்க்காரர் நிலத்தையும் கந்துவட்டியையும் நம்பி வாழும் நிலையிலிருந்து விடுவித்தது. நான்கு ஆண்டு அதைச் செய்யாது. 11.71 லட்சம் என்பது தங்கை கல்யாணத்துக்கும் அப்பா கடனுக்கும் போன பிறகு என்ன மிஞ்சும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நிலமும் கடையும் சொந்தமாக வைத்திருக்கும் குடும்பத்துப் பையனுக்கு அது முதலீடு, மற்றவனுக்கு அது இடைவேளை. மாநில அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்திலும் எனக்கு இதே குறைதான். முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம். ஆனால் வங்கி மேலாளர் முதலில் கேட்பது பிணையம். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த வம்சத்திடம் அடகு வைக்க என்ன இருக்கும்?

திரும்பி வருகிறவர்களுக்கு மாநிலங்கள் போட்டி போட்டு ஒதுக்கீடு அறிவிக்கின்றன. உத்தரப் பிரதேச அமைச்சரவை 2025 சூனில் காவலர் பணிகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 20 சதவீதம் என்றது, அந்தந்தச் சாதிப் பிரிவுக்குள்ளேயே கணக்கிடுவோம் என்றும் சொன்னது. துணை ராணுவத்தில் 10 சதவீதம் என்று ஒன்றிய அரசு 2022 இலேயே அறிவித்தது. பழைய பத்து சதவீதத்தை 1.29 ஆக வைத்திருக்கும் கை புதிய பத்தை மட்டும் நிரப்பிவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு கவலையும் உண்டு. அக்னிவீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 20 சதவீதக் கிடைமட்ட ஒதுக்கீடு காவல்துறையில் யார் இடத்தை நெருக்கும் என்று பெண்கள் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அதனால் உ.பி. வழியைத் தமிழ்நாடு நகலெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இருக்கும் 5 சதவீதத்துக்குள் அக்னிவீரரையும் முன்னாள் படைவீரராக ஏற்று மாநில விதியைத் திருத்த வேண்டும். ஓய்வூதியம் பெறுகிறவரோடு பெறாதவர் மோத நேராதபடி உள்ளே முன்னுரிமை வைக்கலாம். பின்னங்களைச் சேர்த்துவைத்து பழங்குடிப் பிரிவுக்கும் இடம் உருவாக்க வேண்டும். நிரம்பாததை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அக்னிபத்தையே கைவிடச் சொல்லும் கோரிக்கை தனி, அதை விடவும் கூடாது. ஆனால் 2026 இறுதியில் வந்து இறங்குகிறவர்கள் அந்தக் கோரிக்கை வெல்லும்வரை ரயில் நிலையத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

இவ்வளவுக்கும் இடம் இருந்தால்தான் ஒதுக்கீடு. 2022 அக்டோபரில் நகராட்சி, மாநகராட்சிப் பணிகளை வெளிமுகமைக்கு விடும் அரசாணைகள் வந்தன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தது அதன் தொடர்ச்சிதான். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஒரு பணியிடம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் 18 சதவீதமும் போகிறது, 30 சதவீதமும் போகிறது, 5 சதவீதமும் போகிறது. ஒப்பந்தக்காரருக்குச் சுழற்சிப் பட்டியல் கிடையாது. நிரந்தரப் பணியிடத்துக்காகத் தூய்மைப் பணியாளர் நடத்தும் சண்டையும், எங்கள் மாமா மேசைக்காரரிடம் கேட்காமல் வந்த கேள்வியும் ஒரே கோப்பில்தான் இருக்கின்றன.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய்தான். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் அறிவிக்கையிலும் முன்னாள் படைவீரருக்கு எத்தனை இடம் ஒதுக்கப்பட்டது, சாதிப் பிரிவு வாரியாக. எத்தனை நிரம்பியது, அதுவும் பிரிவு வாரியாக. நிரம்பாதவை யாருக்குப் போயின, எந்த விதியின் கீழ். அக்னிவீரராக நான்கு ஆண்டு முடித்தவரின் விண்ணப்பத்தை எந்தப் பிரிவில் ஏற்கச் சொல்லி அரசு எழுதியிருக்கிறது, எழுதியிருந்தால் அதன் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வருகிற பதில்களை இந்தத் தளத்துக்கு அனுப்புங்கள், துறை வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.